நீல விளக்கு எரியாத கார்

அழகரெத்தினம் கராஜுக்குக் கொண்டுவரும்போதெல்லாம் அந்தக் கார் ஒரு குறையும் இல்லாததுபோல் நின்றது. சாய்ந்தமருதில் முபீனின் கராஜ் வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, திறப்பை மறுபடி திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். அவர் திரும்பவும் அணைப்பார். திரும்பவும் ஸ்டார்ட் ஆகும். பக்கத்தில் நிற்கும் முபீனைப் பார்த்து, தான் பொய் சொல்லிவிட்டவர்போல் கூச்சப்படுவார்.

“விடிய இந்தக் கதை இல்ல தம்பி. விடிய திறப்பத் திருப்பினா சும்மா இழுத்துக்கொண்டே கிடக்கும். பற்றரி செத்துப் போயிருமோ எண்டு பயம் வந்திரும்.”

அழகரெத்தினம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாண்டிருப்பில் மனைவி நேசம்மாவோடு இருந்தார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நேசம்மாவுக்குக் கண்ணில் நீண்ட நாள் வருத்தம். மட்டக்களப்பில் கண் கிளினிக்குக்கு அடிக்கடி போக வேண்டும், அதுவும் விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டும். மருந்து விட்ட கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் இடிபட்டுத் திரும்பி வருவது அவளுக்கு முடியாமல் போனபோதுதான் அவர் கார் வாங்க நினைத்தார்.

வாங்கிய கார் முபீனின் மைத்துனன் அப்ராஸுடையது. அப்ராஸ் முபீனின் மனைவி றுஸ்னாவின் தம்பி. மருதமுனையில் கைத்தறிச் சாறன், சாரிக் கடை வைத்திருந்தான். இடையிடையே வாகனம் வாங்கி, கொஞ்ச நாள் ஓடிவிட்டு விற்பான். அழகரெத்தினம் வாங்கும் முன் முபீனிடம் கேட்டார். “மச்சான்ட வாகனம்தான் சேர். வாங்க, நானும் வந்து பார்க்கிறன்” என்று முபீன் சொன்னான். இருவரும் அப்ராஸின் வீட்டுக்குப் போனபோது கார் முற்றத்தில் ஸ்டார்ட்டில் நின்றது. முபீன் காது கொடுத்துக் கேட்டான். பெரியநீலாவணை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தான். ஒயில் சுத்தமாக இருந்தது. உடம்பில் துருக்கறள் இல்லை. வாங்கலாம் என்று சொன்னான்.

அந்தச் சொல்லுக்காகவே கார் திரும்பத் திரும்பத் தன்னிடம் வருவது முபீனுக்கு உறுத்தியது. முதல் தடவை பிளக்குகளை மாற்றினான். அடுத்த தடவை பெற்றோல் ஃபில்டரை மாற்றி, காற்றுப் போகும் வழியைக் கழுவினான். பற்றரியைச் சோதித்தான், அது நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அழகரெத்தினம் நன்றி சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் விடிய தொலைபேசி வரும்.

“தம்பி, இண்டைக்கும் அப்படித்தான்.”

அந்தக் குரலில் கோபம் இருந்தால் முபீனுக்கு லேசாக இருந்திருக்கும். இல்லை. பாலைக் குறைத்துத் தந்த கடைக்காரனிடம்கூட அந்த மனிதர் இதே குரலில்தான் கதைப்பார் போலிருந்தது.

குளிர்ந்த எஞ்சினைப் பார்க்காமல் நோய் பிடிபடாது என்பது முபீனுக்குத் தெளிவானது. ஓடி வந்த கார் சூடாகத்தான் வரும். ஒரு இரவு கராஜில் விட்டுவிட்டுப் போகச் சொன்னான். அவரும் விட்டுப் போனார். ஆனால் மறுநாள் விடியப் பொருள் இறக்க லொறி ஒன்று வந்துவிட்டது. முபீனோடு பல வருடமாக வேலை செய்யும் சுஜிந்தன் முதலில் வந்து கேற்றைத் திறந்தவன், வழிவிடக் காரை ஸ்டார்ட் பண்ணி ரோட்டோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். முபீன் வந்து பொனட்டில் கை வைத்தபோது அது சுட்டது.

“தொட வேணாம் எண்டு சென்னனே சுஜி.”

“லொறிக்காரன் ஹோன் அடிச்சுக்கொண்டு நிண்டான். என்ன செய்யச் சொல்றாய்?”

“எப்படி ஸ்டார்ட் வந்த?”

“இழுத்துப் போட்டுத்தான் வந்த. வந்த உடனே ஆளையே நடுக்கிப் போட்டுது. பின்னால வெள்ளப் புகை கொஞ்சம் போன. அதுக்குப் பிறகு சரி.”

வெள்ளைப் புகை என்றதை முபீன் கேட்டான், ஆனால் பிடித்துக்கொள்ளவில்லை. மாரி காலம். மழைக்குளிரில் விடிய எந்தக் காரின் புகைக்குழாயிலும் ஆவி வரும்.

அன்று பின்னேரம் அழகரெத்தினம் வந்து காரை எடுத்துப் போனார். மறுநாள் கிளினிக். “நாளைக்குப் போயிட்டு வாங்க. நாளையிண்டைக்கு நான் உங்கட வீட்ட வாறன் சேர், சுபஹ் தொழுதிட்டு நேரே வாறன். நான் வரும் வரைக்கும் திறப்பத் தொட வேணாம்” என்றான் முபீன்.

சொன்னபடியே போனான். இரவு முழுவதும் மழை பெய்து விட்டிருந்தது. கல்முனை பஜாரில் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஒரே ஒரு தேத்தண்ணிக் கடையில் மட்டும் அடுப்பு எரிந்தது. ஸ்கேனர் வைத்த பையை முதுகில் போட்டுக்கொண்டு, ரோட்டில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துப் பார்த்து மோட்டார் சைக்கிளை ஓட்டினான். பாண்டிருப்பில் அழகரெத்தினத்தின் வீட்டுக் கேற்று திறந்து கிடந்தது. அவர் தகரக் கொட்டிலுக்குள் காருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் கதவக்கூடத் திறக்கல்ல தம்பி.”

முபீன் பொனட்டைத் தூக்கி எஞ்சினில் உள்ளங்கையை வைத்தான். மழையில் நனைந்த கல்போலக் குளிர்ந்து கிடந்தது. ரேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டான். தண்ணீர் விரலுக்கு எட்டவில்லை. மூடியின் உட்பக்கம் மண்நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. அதைத் துணியால் துடைத்து, மணந்து பார்த்தான்.

பிறகு ஸ்கேனரைப் பொருத்தி, ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் ஒரு படி திருப்பினான். எஞ்சின் தண்ணீரின் வெப்பம் என்ற இடத்தில் திரை எண்பத்திரண்டு காட்டியது.

முபீன் ஸ்கேனரைக் கழற்றி மறுபடி பொருத்தினான். எண்பத்திரண்டு. வெளியே போய் எஞ்சினை மறுபடி தொட்டுப் பார்த்தான்.

“என்ன தம்பி?”

“சேர், இந்தக் கார்ல விடிய ஸ்டார்ட் பண்ணக்குள்ள, இந்த இடத்தில நீல லைட் ஒண்டு எரியிறதா? எஞ்சின் குளிரெண்டா நீலம் எரியும். கொஞ்ச தூரம் ஓடினா அணைஞ்சிரும். மிச்சம் சூடாகினா சிவப்பு எரியும். இதுக்குச் சூடு காட்டுற முள்ளு இல்ல, அந்த ரெண்டு லைட்டுந்தான்.”

அழகரெத்தினம் யோசித்தார். “நீல லைட்டா? அப்படி ஒண்டு நான் காணல்லயே.”

“அதான். எஞ்சின் இப்பவே சூடாக் கிடக்கு எண்டு கம்பியூட்டர் நினைக்குது. சூடான எஞ்சினுக்குக் கொஞ்சப் பெற்றோல் காணும். அதால அளந்து குடுக்குது. குளிர்ந்த எஞ்சினுக்கு அந்தக் கொஞ்சம் பத்தாது.”

“அப்ப அந்தச் சூடு பார்க்கிற சாமான் பழுதா?”

“அப்படித்தான் இருக்கணும்” என்றான் முபீன். ஆனால் சாமான் பழுதென்றால் எண் இப்படி நடுவில் வந்து நிற்காது. ஒன்றில் அடியில் கிடக்கும், இல்லாவிட்டால் உச்சியில் நிற்கும். அவன் டோர்ச்சைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு, எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் குனிந்து, சென்சரிலிருந்து வரும் வயரைப் பிடித்துக்கொண்டே போனான். ஒரு சாண் தள்ளி வயர் கறுப்பு டேப்புக்குள் போய் மறைந்தது. டேப்பை வெட்டிப் பிரித்தான். உள்ளே சென்சருக்குப் போகும் இரண்டு வயரும் வெட்டப்பட்டு மடிக்கப்பட்டிருந்தன. கம்பியூட்டருக்குப் போகும் இரண்டு முனைகளுக்கும் நடுவில், நெல்லுமணி அளவில், நிறக் கோடுகள் போட்ட ஒரு ரெசிஸ்டர் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது.

அதை வெட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்து அவருக்குக் காட்டினான்.

“இது பழுது இல்ல சேர். ஆரோ செஞ்ச வேல.”

“என்னத்துக்கு?”

“எஞ்சின் சூடேறினாலும் சிவப்பு லைட் எரியாம இருக்க. எப்பவும் எண்பத்திரண்டு எண்டு இது பொய் சொல்லிக்கொண்டிருக்கும். ஃபேனும் அதுக்குத்தான் நேரே வயர் குடுத்துக் கிடக்கு. திறப்புப் போட்டாலே ஓடுது. நான் முதல் நாளே கண்டன். இஞ்ச கனபேர் அப்படிச் செய்யிறதுதானே எண்டு விட்டிட்டன்.”

வெட்டிய வயர்களைச் சென்சரோடு சேர்த்துக் கட்டினான். திறப்பைத் திருப்பினான். திரையில் இருபத்தேழு. டாஷ்போர்ட்டில் நீல விளக்கு எரிந்தது. அழகரெத்தினம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

முபீன் ஸ்டார்ட் பண்ணினான். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு கால் ஊனமானவன் நடப்பதுபோல் நொண்டியது. கார் முழுவதும் நடுங்கியது. பின்னால் வெள்ளைப் புகை கொட்டிலை நிறைத்தது. ஆவிக்கு மணம் இருக்காது, இதற்கு ரேடியேற்றர் தண்ணீரின் இனித்த மணம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நொண்டல் போய்ச் சீராகியது. திறந்திருந்த ரேடியேற்றர் வாய்க்குள் கீழே குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உடைந்துகொண்டிருந்தன. முபீன் எஞ்சினை அணைத்தான்.

“ரெண்டு வருத்தம் சேர். ஒண்டு வயர். அது முடிஞ்சுது. மத்தது உள்ளுக்க. எஞ்சின்ட மேல்மூடிக்கு அடியில இருக்கிற ஹெட் கஸ்கெட் போயிருக்கு. இரவைக்கு எஞ்சின் ஆறக்குள்ள தண்ணி கசிஞ்சு சிலிண்டருக்குள்ள போகுது. விடிய அதுதான் நடுக்கமும் புகையும்.”

நேசம்மா கறுப்புக் கண்ணாடியோடு தேத்தண்ணி கொண்டு வந்தாள். புகை கலையாமல் நின்ற கொட்டிலுக்குள் வந்ததும் நின்றாள்.

“இந்த மணந்தான். நேற்று கல்லாறு தாண்டக்குள்ள நான் சொன்னன். சீனிப் பாணி காய்ச்சிற மாதிரி மணக்குது எண்டு. இவர் ஆரோ வீட்டில காய்ச்சிறாக்கள் எண்டார்.”

“நேற்று இதுலயா மட்டக்களப்புக்குப் போய் வந்த?” முபீன் கேட்டான். கேட்ட பிறகுதான், போகச் சொன்னவன் தானே என்பது நினைவு வந்தது.

“வேற எதுல?” என்றார் அழகரெத்தினம். “ஏன், என்ன ஆகியிருக்கும்?”

“தண்ணி முடிஞ்சா எஞ்சின் இறுகிரும். பாலத்தில வெச்சாவது, லொறிக்கு முன்னால வெச்சாவது. ஒரு லைட்டும் காட்டியிராது.”

மூவரும் தேத்தண்ணி குடித்தார்கள். கடைசியில் அழகரெத்தினம்தான் கேட்டார்.

“ஆர் செஞ்சிருப்பாங்க?”

“தெரியா சேர்.”

“அப்ராஸ் தம்பி நல்லாத்தான் கதைச்சவர்.” கோப்பையைக் கதிரைக் கையில் வைத்தார். “நாம போகக்குள்ள கார் ஸ்டார்ட்ல நிண்ட.”

முபீனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். ரெசிஸ்டரையும் டேப் துண்டையும் பையில் போட்டான். இனிக் காரை ஓட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான்.

கராஜில் அன்று முபீனால் வேலை செய்ய முடியவில்லை. லுஹர் தொழுகைக்குப் பிறகு மருதமுனைக்குப் போனான். அப்ராஸின் கடையில் கல்யாண வீட்டுக்காரப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சாரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்ராஸ் ஒன்றை விரித்து முந்தானையைக் காட்டிக்கொண்டிருந்தான். முபீன் நேரே போய்க் கண்ணாடி மேசையில் ரெசிஸ்டரை வைத்தான்.

“இது என்ன மச்சான்?” என்று அப்ராஸ் சிரித்துக்கொண்டே கேட்டான்.

“நீ வித்த கார்ல கிடந்த. சிவப்பு லைட் எரியாம இருக்க வெச்ச. கண் ஏலாத மனிசியக் கொண்டு போற கார்.”

அப்ராஸின் சிரிப்பு நின்றது. “எனக்கு இது என்னெண்டே தெரியா. அல்லாஹ் மேல ஆணை.”

“அப்ப நாங்க பார்க்க வரக்குள்ள ஏன் கார் ஸ்டார்ட்ல நிண்ட?”

அப்ராஸ் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். கையிலிருந்த சாரியை மடிக்கத் தொடங்கினான். முபீனுக்கு அந்த மௌனம் போதுமாக இருந்தது.

“கள்ள வேல செஞ்சிட்டு ஆணை வேறயா? என்னையும் அதுக்கு ஆளாக்கிப் போட்டாய்.”

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கடைக்குள் எல்லோருக்கும் கேட்டது. பெண்களில் மூத்தவள் மடியிலிருந்த சாரியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள். மற்றவர்களும் எழும்பினார்கள். முபீன் ரெசிஸ்டரை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்பாகவே வெளியேறினான்.

வீட்டுக்கு வந்தபோது செய்தி அவனுக்கு முன்பே வந்திருந்தது. றுஸ்னா சோறு போட்டு வைத்தாள். பக்கத்தில் உட்காரவில்லை.

“கேட்கிறதெண்டா வீட்ட கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்” என்றாள் கதவில் நின்றபடி. “ஆக்கள் இருக்கக்குள்ள கள்ளன் எண்டு சென்னீங்களாம்.”

“கள்ளன் எண்டு சொல்லல்ல. கள்ள வேல எண்டுதான் சென்னன்.”

றுஸ்னா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அழகரெத்தினத்தின் காரைக் கயிறு கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். சுஜிந்தன் வெட்டிய வயர்களைப் பார்த்துவிட்டு மிச்சத் துண்டைக் கேட்டான். முபீன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சுஜிந்தன் டேப்பை வெளிச்சத்தில் பிடித்தான். அது ரப்பர்த் தன்மை போய், காய்ந்த இலைபோல நொறுங்கியது. பசை தூளாகியிருந்தது. மடிப்புக்குள்ளே செம்மண் இறுகிக் கிடந்தது. ஈயம் வைத்த இடம் பச்சை பூத்திருந்தது.

“உன்ர மச்சான் இந்தக் கார எப்ப வாங்கின?”

“போன ஹஜ் பெருநாளுக்குப் பிறகு.”

“இது அதுக்கு முந்தின வேல. வருசக்கணக்கில் சூடு பட்டாத்தான் டேப் இப்படி வரும். செம்மண்ணுக்கும் இந்தப் பக்கம் இடமில்ல. இஞ்ச எல்லாம் கடல்மண்தானே.”

முபீன் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தான். பாண்டிருப்புக் கொட்டிலில் இதே டேப்பைத் தன் கையால்தான் வெட்டினான். அது நொறுங்கியதும் விரலில் செம்மண் ஒட்டியதும் அப்போதே தெரிந்தவைதான். காரின் விஷயத்தில் எதையும் ஊகிக்காமல் விடியும் வரை காத்திருந்து பார்த்தவன், ஆளின் விஷயத்தில் அரைநாள்கூடப் பொறுக்கவில்லை. சுஜிந்தனிடம் அதைச் சொல்லவில்லை. போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினான்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அப்ராஸ் தானாகவே வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றான். றுஸ்னா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். தேத்தண்ணி ஊற்றவில்லை. இருவருக்கும் நடுவில் நின்றாள்.

“வயர் வேல உன்ட இல்ல. எனக்கு இண்டைக்குத்தான் விளங்கின” என்றான் முபீன்.

“இண்டைக்கு விளங்கினது நேற்று விளங்கியிருக்கலாம்.” அப்ராஸ் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “ஆனா விடிய ஸ்டார்ட் வராது எண்டு எனக்குத் தெரியும். வாங்கின கிழமையே தெரியும். வித்தவனுக்குப் போன் அடிச்சன். மலைநாட்டுப் பக்கத்து ஆள். அந்த நம்பர் பாவனையில இல்ல. என்னட்டத் தள்ளிப் போட்டான். நானும் ஆருக்காவது தள்ளிருவம் எண்டு நினைச்சன்.”

“என்னட்டக் கொண்டு வந்திருக்கலாமே.”

“உன்னட்டக் கொண்டு வந்தா திருத்தாம விக்க விடமாட்டாய்.”

முபீன் ஆமென்பதுபோல் தலையசைத்தான்.

“அதால நீங்க வாற அண்டைக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி, கடற்கரைப் பக்கம் ஒரு சுத்து ஓடிப்போட்டுக் கொண்டு வந்து வெச்சன். அவ்வளவுதான் நான் செஞ்சது. சேர் நல்ல மனிசன் எண்டு அண்டைக்கே விளங்கின. விளங்கியும் வித்தன்.”

றுஸ்னா முதலில் தம்பியைப் பார்த்தாள். “நீ பாண்டிருப்புக்குப் போ. போய் இத அவருக்கிட்டச் சொல்லு.” பிறகு கணவனிடம் திரும்பினாள். “நீங்க கடைக்குப் போங்க.”

முபீன் கடைக்குப் போனது நல்லபடி முடியவில்லை. ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனான். ஆனால் அன்று இருந்தவர்கள் வேறு ஆட்கள். “அண்டைக்கு நான் சென்னது பிழை மச்சான். அந்த வேல நீ செஞ்ச இல்ல” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். சாறன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, “என்ன வேல?” என்று கேட்டார். முபீன் விளக்கத் தொடங்கினான். ஒன்றும் தெரியாமல் இருந்தவர்களுக்கும் முழுக்கதையும் தெரிந்துவிடும் என்பது பாதியில்தான் அவனுக்கு உறைத்தது.

“சரி மச்சான், காணும்” என்றான் அப்ராஸ் அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளியபடி. “இனி நாம பாண்டிருப்புக்குப் போவம்.”

இருவரும் அப்ராஸின் கடை வானில் போனார்கள். அழகரெத்தினம் விறாந்தையில் உட்கார வைத்தார். நேசம்மா உள்ளே கதவருகில் கதிரை போட்டு இருந்தாள். அப்ராஸ் முபீனிடம் சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னான். கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டு வந்ததையும் சொன்னான். முடிவில், காரைத் தான் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

அழகரெத்தினம் அவனைப் பார்த்துக் கேட்டார்.

“எடுத்து என்ன செய்வீங்க?”

அப்ராஸ் பதில் சொல்வதற்குள் நேசம்மா உள்ளிருந்து சொன்னாள். “இன்னொரு ஆளுக்கு விப்பார்.”

“திருத்திப் போட்டுத்தான் அம்மா.”

“திருத்தினா நாங்களே வெச்சிக்கொள்றம்” என்றார் அழகரெத்தினம். “இதுல என்ன வருத்தம் எண்டு இப்பவாவது தெரியும். வேற ஒண்டு வாங்கினா அதுக்குள்ள என்ன கிடக்குமோ.” முபீனைப் பார்த்தார். “நீங்க வடிவா செஞ்சு தாங்க தம்பி.” பிறகு அப்ராஸிடம் திரும்பினார். குரல் மாறவில்லை. “விடிய ஸ்டார்ட் வராது எண்டு சொல்லி இருந்தாலும் நான் வாங்கித்தான் இருப்பன். இந்தத் தம்பியக்கொண்டு முதல்ல திருத்திப் போட்டு வாங்கி இருப்பன். நீங்க சொல்லாம விட்டதால எனக்கும் நட்டம், உங்களுக்கும் ஒரு லாபமுமில்ல.”

அப்ராஸுக்கு முகம் வியர்த்தது. கைலேஞ்சியை எடுத்தான், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். கார் வரும் வரை கிளினிக்குக்குத் தானே கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னான். அழகரெத்தினம் வேண்டாம் என்றார். “பஸ்ஸில எனக்கு ஏலா” என்றாள் நேசம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கார் திரும்பி வர நாள் எடுத்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்திருந்தது. கல்முனையில் லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்தார்கள். கஸ்கெட் கொழும்பிலிருந்து வர வேண்டும். வந்தது வேறு எஞ்சினுக்கானது, அதைத் திருப்பி அனுப்பி மறுபடி எடுப்பிக்க வேண்டி வந்தது. புதுச் சென்சர் போட்டு, வெட்டியிருந்த வயர்களை ஒழுங்காக ஒட்டி, ஃபேனைப் பழையபடி கம்பியூட்டரின் சொல்லுக்கு ஓட விட்டான் முபீன்.

அதுவரை கிளினிக் நாளெல்லாம் அப்ராஸ் விடியவே வானோடு பாண்டிருப்புக்குப் போனான். முதல் பயணத்தில் மூவரும் அதிகம் கதைக்கவில்லை. திரும்பி வரும்போது, மருந்து விட்ட கண்ணைக் கட்டியிருந்த நேசம்மா, பள்ளத்தில் வான் விழும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குள் குத்துவதாகச் சொன்னாள். அப்ராஸ் வேகத்தைக் குறைத்தான். அவள் மறுபடி சொல்லவில்லை, ஆனாலும் அவன் இன்னும் குறைத்தான். காத்தான்குடியிலிருந்து பாண்டிருப்பு வரை சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். பின்னால் வந்த பஸ்காரன் ஹோன் அடித்து, கையை நீட்டி ஏசிவிட்டுப் போனான். “ஏன் தம்பி அவன் ஏசுறான்?” என்று நேசம்மா கேட்டாள். “வேற ஆருக்கோ அம்மா” என்றான் அப்ராஸ். அழகரெத்தினம் முதல் தடவையாக அன்று சிரித்தார்.

அடுத்த பயணங்களில் அவள் அவனிடம் கடையைப் பற்றிக் கேட்டாள். இப்போது பெண்கள் என்ன நிறம் கேட்கிறார்கள், நூல் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் கேட்டாள். அவன் ஓட்டிக்கொண்டே சொன்னான்.

வேலை முடிந்ததும் முபீன் காரைக் கராஜில் ஓர் இரவு வைத்தான். இந்த முறை திறப்பைத் தன் சட்டைப்பையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோனான். விடிய வந்து, எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, ஸ்டார்ட் பண்ணினான். உடனே பிடித்தது. நடுக்கம் இல்லை. பின்னால் போய் நின்று பார்த்தான். புகையில் மணம் இல்லை. அதற்கு அடுத்த இரவும் வைத்துப் பார்த்தான். அதன் பிறகுதான் அழகரெத்தினத்துக்குச் சொன்னான். அவர் வந்து எடுத்துப் போனார். கதவை மூடும் முன், “இனி விடிய உங்கள எழுப்பமாட்டன்” என்றார்.

அப்ராஸுக்கு இது தெரியாது. முபீன் சொல்லியிருப்பான் என்று அழகரெத்தினமும், அழகரெத்தினம் சொல்லியிருப்பார் என்று முபீனும் நினைத்திருந்தார்கள். கிளினிக் நாளன்று அப்ராஸ் வழக்கம்போல் வானோடு போய் நின்றபோது, கேற்றுக்குள்ளிருந்து கார் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. நேசம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அட, உங்களுக்குச் சொல்லல்லயா தம்பி?” என்றார் அழகரெத்தினம்.

“பரவால்ல சேர். நீங்க போங்க.”

அவர்கள் புறப்பட்டார்கள். களுவாஞ்சிக்குடிக்குக் கிட்டப் போனபோது, பின்னால் அந்த வான் வந்துகொண்டிருப்பதை அழகரெத்தினம் கண்ணாடியில் கண்டார். காரை ஓரம் கட்டினார். வானும் பின்னால் நின்றது. அவர் இறங்கிப் போனார்.

“எங்க தம்பி போறீங்க?”

“சும்மாதான் சேர். திருத்தின பிறகு முதல் தூரப் பயணம். ஏதும் எண்டா நான் நிக்கிறன் எண்டு பார்த்தன்.”

“கடை?”

அழகரெத்தினம் வானின் கதவில் கையை வைத்தார்.

“ஒண்டும் ஆகாது. முபீன் தம்பி பார்த்ததுதானே. நீங்க போய்க் கடையத் திறங்க.”

அப்ராஸ் வானைத் திருப்பினான். கார் மட்டக்களப்புப் பக்கம் போனது.

இதை றுஸ்னா சொல்லித்தான் முபீன் அறிந்தான். இப்போதும் அப்ராஸ் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறான். மச்சான்கள் இருவரும் பழையபடி சேர்ந்து சாப்பிடுகிறார்கள், கதைக்கிறார்கள், சிரிக்கிறார்கள். வாகனத்தைப் பற்றி மட்டும் அவர்களில் யாரும் பேச்சை எடுப்பதில்லை.